ஆறாம் கடலில் ஒரு பொன்னாடை

பிரைட்டுக்குக் கதை ஆரம்பிக்க நன்றாக வரும். முடிக்கத்தான் வராது.

குளச்சல்காரர். கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டெக்னீசியன். டூட்டி முடிந்து அல்கோர் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் மகள் அபிஷா பக்கத்தில் போய்ப் படுப்பார். "ஒரு ஊர்ல ஒரு மந்திரவாதி இருந்தான் மக்ளே" என்று தொடங்குவார். மந்திரவாதி இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவான். அவன் உயிர் அவனிடம் இருக்காது. ஏழு கடல் தாண்டி ஒரு குகையில், ஒரு கூண்டில், ஒரு கிளிக்குள் இருக்கும். இளவரசன் கிளம்புவான். முதல் கடலைத் தாண்டுவான், இரண்டாம் கடலைத் தாண்டுவான். மூன்றாம் கடலில் கால் வைத்ததும் பிரைட்டின் குறட்டை கேட்கும். குடும்பம் கத்தாருக்கு வந்த நாள் முதலாக அந்த இளவரசன் மூன்றாம் கடலில்தான் மிதந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அபிஷா விடமாட்டாள். "மூணாவது கடலுக்கு அப்புறம் என்ன டாடி?"

"இன்னைக்கு முழுசா சொல்லிப்போடுதேன்" என்பார். அன்றைக்கும் குறட்டைதான். ஆலையில் எத்தனையோ வால்வுகளை ஒழுங்காகத் திறந்து மூடுகிற மனிதருக்கு, எட்டு வயதுப் பெண்ணிடம் ஒரு கதையை மூட முடியவில்லை என்பது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் முடிந்த மறு வருடம், ஆலையில் இருந்த இத்தாலிக்கார இன்ஜினியர் ஒருவர் அவருக்கு ஒரு டிவிடி கொடுத்தார். ஓப்பரா. பிரைட் ஊரில் மாதா கோயில் பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவர், ஆகவே உட்கார்ந்து முழுதும் பார்த்தார். அதில் ஒருத்தரும் பேசவில்லை. சண்டை போடுகிறவனும் பாடினான், சாகிறவனும் பாடிக்கொண்டேதான் செத்தான், அதுவும் ரொம்பச் சாவகாசமாக. பிரைட்டுக்குப் பொறி தட்டியது. மந்திரவாதி கதையை இப்படிப் பாட்டாகவே மேடையேற்றிவிட்டால்? மேடையில் ஏறிய கதை எப்படியும் ஏழாம் கடலைத் தாண்டியாக வேண்டும். அபிஷா முன் வரிசையில் உட்கார்ந்து முடிவைக் கேட்பாள். நடுவில் உறங்க முடியாது.

"பிள்ளைக்குக் கதை சொல்லணும்ணா பக்கத்துல இருந்து சொன்னா போராதா? அதுக்கு எதுக்கு ஹாலு?" என்று கேட்டாள் மனைவி ஷாஜினி. கிளினிக்கில் நர்ஸ்.

"நான் ஒறங்கிருவேன் பிள்ளே."

"ஒறங்குனா ஒறங்குங்க. இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" என்று சிரித்துவிட்டுப் போனாள். இவளுக்குக் கலை உணர்வு போதாது என்று பிரைட் முடிவு கட்டினார்.

ஒரு வருடம் உழைத்தார். ஒவ்வொரு கடலுக்கும் ஒரு மெட்டு. வீட்டில் குக்கர் விசிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடக்கிவைத்துப் பாட்டு எழுதினார். பிறகு தமிழ்ச் சங்கத் தலைவர் உடையப்பனிடம் கொண்டுபோனார். உடையப்பன் தோஹாவில் கார்கோ கம்பெனி வைத்திருப்பவர். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். தேர்தல் நடத்த இன்னும் நல்ல நாள் அமையவில்லை.

"முழுக்கப் பாட்டுத்தானா? பேச்சே கெடையாதா?" என்று கேட்டார் உடையப்பன்.

"பேச்சே கெடையாது அண்ணாச்சி."

"அப்ப நல்லதாப் போச்சு. பேச்சையெல்லாம் நாங்க பேசிக்கிறோம்."

ஓப்பரா என்ற சொல் கமிட்டிக்குப் பிடித்துப்போனது. போன வருடம் போட்டிச் சங்கம் சினிமாப் பாடகரை இறக்கியிருந்தது. அதைவிட இது கௌரவமாகக் கேட்டது. ஹால் வாடகை தருகிறவர் என்ற ஒரே தகுதியில் உடையப்பன் மந்திரவாதி ஆனார். அவர் மகள் கிளி ஆனாள். இளவரசன் வேடம் மட்டும் தவறிப்போய், பாடத் தெரிந்த கார்மேகத்துக்குப் போனது. அவர் கட்டட வேலைக்காரர். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து லீவு போட்டு வந்து பாடினார்.

ஒத்திகை கார்கோ குடோனில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நடந்தது. கடைசிக் காட்சி வந்தபோதுதான் உடையப்பனின் மனைவி சுந்தராம்பாள் கதையின் முடிவைத் தெரிந்துகொண்டார்.

"எம் பொண்ணு கழுத்த அந்த ஆளு திருகுறதா? அவளுக்குப் பரீட்ச வருது. அதெல்லாம் வேணாம்."

"கிளி செத்தாத்தான் மந்திரவாதி சாவான்" என்றார் பிரைட்.

"அவரு எதுக்குச் சாகணும்? தலைவரு."

பிரைட் சாதுவான ஆள். கீபோர்டு உறையைத் தூசி தட்டும்போதுகூட யாரிடமாவது மன்னிப்புக் கேட்பார். ஆனால் இதில் ஒரு இம்மி நகரவில்லை. கிளி சாகாவிட்டால் கதை முடியாது, கதை முடியாவிட்டால் நான் கீபோர்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பல வெள்ளிக்கிழமைகள் இழுபறிக்குப் பின் சமாதானம் ஏற்பட்டது. கிளியின் கழுத்தை யாரும் தொடக்கூடாது, அதுவாகவே பாடித் தலை சாய்க்கும். மந்திரவாதி கீழே விழுவார், ஆனால் ஸ்பான்சர்கள் பார்க்கிறார்கள் என்பதால் மரியாதையாக விழுவார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த பிறகு. பள்ளிக்கூட அரங்கம். மாலையில் அதே அரங்கம் மலையாளிகள் சங்கத்துக்கு விடப்பட்டிருந்தது. ஆனால் நம் ஆட்கள் குத்துவிளக்கு ஏற்றுவதற்கே ஒரு வரிசை வைத்திருந்தார்கள். விளக்கில் திரிகள் தீர்ந்தும் ஏற்ற வேண்டியவர்கள் தீரவில்லை. பிறகு வரவேற்புரை. பிறகு தலைமையுரையை உடையப்பன் தாடியும் மண்டையோட்டு மாலையுமாகவே ஆற்றினார். தமிழ்ப் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று மந்திரவாதியே சொன்னதில் குழந்தைகள் கொஞ்சம் பயந்தார்கள்.

ஒருவழியாக ஓப்பரா தொடங்கியது. ஷாஜினி கொடுத்த நீலப் புடவைகளை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். கடல் நன்றாகவே இருந்தது. கார்மேகம் பாடிக்கொண்டு நீந்தினார். மூன்றாம் கடலைத் தாண்டியபோது பிரைட் கீபோர்டிலிருந்து எட்டி அபிஷாவைப் பார்த்தார். அவள் நாற்காலி நுனியில் இருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. நாலு, ஐந்து. ஆறாம் கடலில் இளவரசன் இறங்கினான்.

அப்போது சங்கச் செயலாளர் கௌஸ் முகைதீன் மைக்கோடு கடலுக்குள் வந்தார். "ஒரு சின்ன அறிவிப்பு. நம்ம கோல்டு ஸ்பான்சர் அண்ணன் ஒருத்தருக்குப் பொன்னாடை விட்டுப்போச்சு. கோவிச்சுக்கிட்டு காருக்குப் போனவங்களக் கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டோம்."

பாட்டு நின்றது. புடவையை ஆட்டியவர்கள் ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மெல்ல ஆட்டினார்கள். ஆறாம் கடலின் நடுவே, அலைகளுக்கு மேலே, அந்த அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அவருக்குப் போர்த்தினால் இவருக்கு எங்கே என்று சில்வர் ஸ்பான்சர் எழுந்தார். அவருக்கும் போர்த்தினார்கள். பிறகு புகைப்படக்காரருக்கு, பிறகு அரங்கக் காவலாளிக்கு. பிரைட்டையும் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். கார்மேகம் நீந்தும் கோலத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பொன்னாடைகள் ஓய்ந்தபோது பின்பக்கக் கதவு திறந்தது. செண்டை மேளத்தோடு மலையாளிகள் உள்ளே வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நேரம் அவர்களுடையது. திரை விழுந்தது. கிளி பிழைத்தது. மந்திரவாதி காலில் நின்றபடி எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார்.

"மீதிய அடுத்த வருஷம் போட்டுருவோம் தம்பி. சஸ்பென்ஸா இருக்கும்" என்றார் உடையப்பன்.

அல்கோருக்கு பிரைட்தான் காரை ஓட்டிக்கொண்டு திரும்பினார். பொன்னாடை மடியிலேயே கிடந்தது. வெகு தூரம் வந்த பிறகு பின் சீட்டைப் பார்க்காமலே சொன்னார். "மன்னிச்சிரு மக்ளே. இதுவும் முடியல்ல."

"எண்டிங் எனக்குத் தெரியும் டாடி."

"எப்படித் தெரியும்?"

"நீங்க தூங்கினதும் மம்மி வந்து ஃபினிஷ் பண்ணுவாங்க. எவ்ரி டே."

ஷாஜினி ஜன்னல் பக்கம் திரும்பி, பாலைவனத்தில் ஏதோ அதிசயத்தைக் கண்டவள் போல வெளியே பார்த்தாள்.

"பெறவு ஏன் மக்ளே தெனமும் என்னட்ட கேட்ட?"

"தெரியும்னு சொன்னா நீங்க பக்கத்துல வந்து படுக்க மாட்டீங்கல்ல."

பிரைட்டுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருட உழைப்பு, ஏழு மெட்டு, ஒரு குடோன், ஒரு சங்கம் எல்லாம் எதற்கு என்று இருந்தது. அந்த வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கடலிலிருந்து பாட ஆரம்பித்தார். வண்டி ஓட்டுவதால் உறங்க வழியில்லை.

அல்கோர் வந்தபோது இளவரசன் ஏழாம் கடலில்தான் இருந்தான். பிரைட் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரவுண்டானாவைச் சுற்றினார். இன்னொரு தடவையும் சுற்றினார். பின் சீட்டிலிருந்து அபிஷா கிளியின் பாட்டைப் பாடித் தலை சாய்த்தாள். மந்திரவாதி ஒழுங்காகச் செத்தான். யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை.