படிக்காமல் போட்ட கையெழுத்து

கோம்பையில் அப்பா எனக்கு எழுதிவைத்த தென்னந்தோப்பைச் சாலைக்காக அளக்க வந்தவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். அளந்ததற்குச் சாட்சி என்று நினைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துச் சவரிமுத்து அண்ணன் போடவில்லை. ஆட்சேப மனு கொடுத்தார், வழக்கும் தொடுத்தார்.

ஆட்சேபத்தை விசாரிக்காமல் அவர் நிலத்தை எடுத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் தோப்பும் திரும்பிவிடும் என்று தேனிக்கு ஒரு வக்கீலைப் பார்க்க ஓடினேன். நான் கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கிப் படித்த வக்கீல் நிமிர்ந்தார்.

"சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்கீகளேம்மா! இந்தத் தீர்ப்பு ஒங்களுக்குப் பொருந்தாது."

மறுவாரம் மரங்களைச் சாய்த்தார்கள்.

"அளக்கத்தான் வந்தாகன்னு நெனச்சேண்ணே" என்று அழுதேன். சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்க்க மாட்டாமல் சவரிமுத்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது கூரியர்காரர் நீட்டும் தாளைக்கூட முழுதும் படித்த பிறகே கையெழுத்திடுகிறேன். அவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.