பிலோமி அக்காவின் வாயில் கண்ட கருப்பு

இன்று சர்ச்சில் காலைப் பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும் பணி எனக்கு.

கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் கையில்தான் வாங்குகிறார்கள். மீன் விற்கும் பிலோமி அக்கா மட்டும் பழையபடி நாக்கை நீட்டுவாள். "கையில வாங்குங்கக்கா, எச்சில் படுது" என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன்.

இன்றும் வாயைத் திறந்தாள். மேலண்ணத்தில் தீயில் கருகியதுபோல ஒரு திட்டு.

நான் நர்ஸாக இருந்தவள். கொரோனா வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பூசை முடிந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"பல்லு வேதனைதான் மக்ளே, கிராம்பு வச்சிருக்கேன்" என்றாள். சுகர் குளிகையை நிறுத்தி ரெண்டு மாசமாம். இடது இமை பாதி இறங்கியிருந்தது.

கண்ணை மூடச் சொல்லி இடது கன்னத்தை நன்றாக அழுத்தினேன்.

"எப்பம் மக்ளே தொடப் போற?" என்று கேட்டாள்.

கருப்புப் பூஞ்சையாக இருந்தால், மூக்கிலிருந்து கண்ணுக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறிவிடும். "மீனை வித்துட்டுப் போறேன்" என்றவளை மகளோடு ஆட்டோவில் ஏற்றி மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இன்னும் போன் வரவில்லை.

கையில் நற்கருணை வாங்கும் சுத்தக்காரர்களே, உங்கள் வாயை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி முன்னால் நின்று நீங்களே ஒருமுறை 'ஆ' காட்டுங்கள்.

நான் காலையிலிருந்து நான்கு முறை காட்டிவிட்டேன். நீங்கள்?