நர்ஸம்மா கையில் என் தாயத்து

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், கோவையில் ஓர் ஆஸ்பத்திரி. அன்று என் கட்டிலருகே இருந்தவர்கள் மூன்று பேர்: என் வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த ஒரு வயதான அம்மாள், ஒரு நர்ஸம்மா. எனக்குக் குடல்வால் ஆபரேஷன்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். பஸ் பாலத்தின் மேல் போனால்கூடக் கண்ணை மூடிக்கொள்வேன். தாராபுரத்தில் மந்திரித்து இடது கையில் கட்டிய தாயத்துதான் எனக்கு இருந்த தைரியம். கழற்றினால் கீழே வைக்கக் கூடாது, இன்னொரு பெண்ணின் கையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டியவர் சொல்லியிருந்தார்.

ஆபரேஷனுக்கு உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதும் அழுதுவிட்டேன். அதைக் கழற்றினால் உயிரோடு திரும்பமாட்டேன் என்றே நினைத்தேன்.

"கொண்டா புள்ள, நான் கட்டிக்கறேன். என்னையப் பொம்பளைன்னு நெனச்சுக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளைக் கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு. நானே கால் ஒடிஞ்சு கெடக்கறேன். என்ற ராசி அதுல ஒட்டிக்கிச்சுன்னா?"

நர்ஸம்மா கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். சட்டைக் கையை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"கட்டுங்க அம்மிணி. நேரமாகுதுங்க."

இறுக்கி முடிச்சுப் போட்டேன். டாக்டர் வரத் தாமதமானதால் என்னை உள்ளே கொண்டுபோகும்போது மத்தியானம் இரண்டு மணி நெருங்கிவிட்டது.

கண் விழித்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். நர்ஸம்மா பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். தாயத்தை அவிழ்த்து என் கையில் கட்டி, "உங்க சாமான் பத்திரமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இரண்டு மணிக்கே டியூட்டி முடிந்துவிட்டதாம். சிங்காநல்லூர் வீட்டுக்குப் போகாமல், மத்தியானச் சோறும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

மறுநாள், இதையெல்லாம் நீங்கள் நம்புவீர்களா என்று நர்ஸம்மாவையே கேட்டேன்.

"நான் எங்கீங்க நம்பறது. ஆனா ஆஸ்பத்திரியத் தாண்டிக் கொண்டுபோனா அது வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாதுங்க. வேற ஆருக்காச்சும் மாத்திக் கட்டலாம்னா உங்களக் கேக்கோணும். நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. அதான் இருந்துபோட்டேன்."

அந்தக் கயிறு இற்றுப்போய் எத்தனையோ வருஷமாகிறது. பயம் மட்டும் போகவில்லை. அது வரும்போதெல்லாம் கை தானாக இடது புஜத்தைத் தடவும், தான் நம்பாத ஒன்றை எனக்காகக் கட்டிக்கொண்டு பசியோடு காத்திருந்த அந்த நர்ஸம்மாவை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் அடங்கும்.