முகத்துவாரத்துக் கொடுவா

கோட்டைக்குப்பத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். போன கார்த்திகையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் என் வீட்டுக்காரரின் படகு கவிழ்ந்தது. படகு கரைக்கு வந்தது. அவர் வரவில்லை.

அடுத்த மாதமே கடையைத் திறந்துவிட்டேன். காற்று ஓயவில்லை, ஊரில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. அன்றைக்கு மழைக்கு ஒதுங்கிய சென்னைப் பையன்கள்தான் எனக்கு முதல் வியாபாரம். கோடையில் தூண்டில் போட வருவதற்கு, தோசையைப் பிய்த்தபடியே திட்டம் போட்டார்கள்.

“முகத்துவாரத்துல போடலாம் மச்சி. அங்க ஒரு ஆளு செத்துட்டாராம், பாடியே கெடைக்கலியாம். கொடுவா நல்லா கொழுத்துருக்கும்,” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. “இன்னாக்கா, கரெக்டுதானே?” என்று என்னையே கேட்டான்.

“பெருசாவே மாட்டும்பா,” என்று நானும் சிரித்தேன். படகு ஓட்ட என் தம்பியின் நம்பரையும் கொடுத்தேன்.

சித்திரையில் வந்தார்கள். முகத்துவாரத்தில் பிடித்த கொடுவாவை என்னிடமே கொடுத்து வறுக்கச் சொன்னார்கள். வறுத்தேன். உப்பு பார்க்க ஒரு துண்டு பிய்த்தேன். அன்று சிரித்த என் வாய் அதற்குத் திறக்கவில்லை.