தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிள்ளைகளைச் சீண்ட, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். என்னை உண்மையாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பிறந்த கையோடு போய்விட்டன. மூன்றாவதையும் தேடி வரும் விதி, வீடு தெரியாமல் திரும்பிப் போகவேண்டுமாம். அதனால் எங்கள் ஊரான கண்டக்குழியில் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டார். நான் வளர்ந்ததென்னவோ என் வீட்டில்தான். ஆனால் அம்மா என்று அவரைத்தான் கூப்பிட வேண்டும். பெற்ற தாய் எனக்கு மாமி; அவரை அம்மா என்றால் விதிக்கு அடையாளம் தெரிந்துவிடுமாம். கோயிலில் ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அது வேறு, இது வேறு. பங்குச் சுவாமிக்குத் தெரிந்தால் ஏசுவார் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, இத்தாலியில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா என்னையும் மாமியையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அம்மா எங்கே என்று கேட்டார்கள். ஊரில் என்றேன். அப்படியானால் தினமும் கூட்டிக்கொண்டு வருவது யார்? மாமி. போதாதா! பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்றே நினைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து உளவியலாளர் என்னைத் தனியறைக்குக் கூட்டிப்போய், வீட்டில் அடிக்கிறார்களா, சாப்பாடு தருகிறார்களா என்று தேனொழுகக் கேட்டார். வெளியே கதிரையில் இருந்த என் தாய்க்குக் கைகால் நடுக்கம் நிற்கவில்லை. என்னைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அப்பா ஓடி வந்து பிறப்புச் சான்றிதழைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். போகும்போது அந்த உளவியலாளர், இனிமேல் இவரை அம்மா என்றே கூப்பிடவேண்டும் என்று கட்டளை போட்டார்.

வீட்டுக்கு வந்து என் தாய் வெகு நேரம் யோசித்தார். பிறகு, "அவங்கட பாஷையில கூப்பிடு, அதால ஒண்டும் வராது. தமிழில மட்டும் வேணாம்" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் மம்மா, வீட்டில் மாமி. ஞாயிறு பூசை முடிந்ததும் கண்டக்குழிக்குப் போன் எடுப்போம். நான் பக்கத்து வீட்டவரிடம் "அம்மா, சுகமா இருக்கிறீங்களா" என்று தொடங்கியதுமே என் தாய் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். கதை முடியும்வரை அங்கே தண்ணீர் ஓடும். கழுவ ஒன்றும் இருக்காது.

அந்த உளவியலாளரைப் பார்த்துத்தான் நான் உளவியல் படிக்கப் போனதாக அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். பார்த்துத்தான், ஆனால் ஆசையில் இல்லை, ஆத்திரத்தில். என்னைக் குடைந்து குடைந்து கேட்டவர், வெளியே நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் கேட்கப் போகிறேன் என்று வீம்பு. தாய்மொழியில் பயமுறுத்துகிற ஒரு சொல், குடியேறிய நாட்டு மொழியில் ஏன் பயமுறுத்துவதில்லை என்பதுதான் என் ஆய்வு.

போன வருஷம் அதற்காகவே கண்டக்குழிக்குப் போனேன். என் தாயும் கூட வந்தார். நான் ஆய்வுக்காக ஊர்ப் பெண்களோடு கதைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டவர் இறந்துபோனார். சேமக்காலையில் அடக்கம் செய்யும்போது அவருடைய ஆண்மக்கள் விலகி நின்று, முதல் பிடி மண்ணை என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன், அழுதேன். என் தாய் சனத்துக்குப் பின்னால் நின்றார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு என் முன்னால் வந்து இருந்தார்.

"அவ போயிட்டா. அம்மா எண்டு கூப்பிட இனி உனக்கு ஆளில்ல. என்னைக் கூப்பிடன்."

இந்த ஒன்றுக்காக எத்தனை காலம் காத்திருந்தாரோ. "அம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வெளிறியது. எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கழுத்தில். ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான், காய்ச்சல் இல்லை என்று என் நெற்றியை நானே தொட்டுக் காட்டினேன். பின்னேரம் வரைக்கும் பச்சைத்தண்ணி வாயில் படாமல், தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நானே சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்க, மாமி."

அதன் பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.