கண்டாக்கு ஐயாவின் கட்டைவிரல்

பிள்ளைகளே, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இன்று எல்லோரும் விரல் வைத்துவிட்டு மலைக்குப் போகிறார்களே, அந்த மெசினைக் கொண்டுவந்து பழக்கியவன் நான்தான். அது தோட்டத்துக்கே தெரியும். அதே மெசினை வைத்து நான் ஒருவரைப் பழிவாங்கினேன் என்பது உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் எங்கள் கண்டாக்கு ஐயா. மலையில் வேலை செய்கிற அத்தனை பேரையும் மேய்ப்பவர். மெசின் வருவதற்கு முன்னால், அவர் வந்து நிற்கும் நேரம்தான் பெரட்டு நேரம். அவர் பிந்தினால் பெண்கள் கூடையோடு பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வந்த பிறகு ஒருத்தி ஓடிவந்தால் அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மனது சரியில்லை என்றால் "வெரட்டு!" என்பார். அவள் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

நான் ஓ.எல். வரை படித்தவன். தேயிலை பெக்டரியில் வேலை. போன், கம்பியூட்டர் என்றால் கொஞ்சம் விளங்கும். அதனால் தோட்டத்தை நடத்தும் துரை மெசின் பொறுப்பை என்னிடம் தந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கோயில் வாசலில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினேன்.

"வெரல வச்சா நேரம் அதுவா பதிஞ்சிரும். யாரும் கூட்டவும் ஏலாது, கொறைக்கவும் ஏலாது. நமக்குத்தான் நல்லது அக்கா."

"இன்னைக்கு வெரலு. நாளைக்கு மூக்கையும் வைக்கச் சொல்லுவியாப்பா?" என்றார் ஒரு அக்கா.

"ஒன் மூக்கு அதுக்குள்ள போகாதுடி," என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரித்துச் சிரித்தே சம்மதித்தார்கள்.

நுவரெலியாவிலிருந்து மெசின் கம்பனித் தம்பி வந்து எல்லோருடைய விரலையும் பதிந்தார். எந்த விரல் என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் வலது கட்டைவிரலை நீட்டிவிட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து எந்தக் காகிதத்துக்கும் கைநாட்டு வைத்து வந்த சனம்தானே நாம். விரல் என்றால் கட்டைவிரல்தான். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆனால் கொழுந்து கிள்ளுவதும் அதே கட்டைவிரல்தான். கறை ஏறி, தோல் வெடித்து, ரேகை தேய்ந்துபோன விரல். அன்றைக்கு ஏதோ பதிந்தது. இரண்டு வாரம் கொழுந்து பறித்த பிறகு பாதிப் பேரை மெசினுக்கு அடையாளம் தெரியவில்லை. பதிந்தால் "தேங்க் யூ" என்று சொல்லும். பதியாவிட்டால் "ட்ரை அகேன்" என்று சொல்லும். காலையில் ட்ரை அகேன் சத்தம்தான் களம் முழுக்கக் கேட்டது.

ஒரு நாள் உங்கள் அம்மாவின் முறை வந்தது. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், சேலையில் தேய்த்து வைத்தாள். பதியவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. கண்டாக்கு ஐயா அருகில் வந்தார்.

"பாருங்கடி, இவ புருசன் கொண்டாந்த மெசினு இவளையே யாருன்னு கேக்குது!"

சில பேர் சிரித்தார்கள்.

"ஐயா, நான் நேரத்துக்கே வந்துட்டேங்க. எல்லாரும் பாத்தாங்க," என்றாள் அம்மா.

"மெசின் பாக்கலியே. ஒன் புருசன்தானே மெசின் சொல்றதுதான் சரின்னான்? வெரட்டு!"

வெறும் கூடையோடு ஒரு பெண் காலையில் லயத்துக்குத் திரும்பி வருவதை எத்தனை வாசல் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கொண்டாந்த மெசினுக்கு நான் ஆளே இல்லயாம்," என்றாள்.

மறுநாளே கம்பனித் தம்பிக்குப் போன் போட்டேன். எந்த விரலையும் பதியலாம் என்றார். இடது கை மோதிர விரல் கொழுந்தில் அவ்வளவாகப் படுவதில்லை. எல்லோருக்கும் அதைப் பதிந்தோம். "எம் புருசன் போடாத மோதரத்த மெசின் போடுதுடி," என்று ஒரு அக்கா கேலி பண்ணினார். வேலை சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. உங்கள் அம்மா வெறும் கூடையோடு நடந்த அந்தப் பாதையில் அவரும் நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

துரையிடம் போனேன். மிகவும் பணிவாகச் சொன்னேன்.

"ஐயாமாரும் வெரல் வச்சா, ஆளுங்க மனசாரப் பழகிருவாங்க தொரை."

துரை சிங்களவர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். "ஆ, ஹொந்தாய்! நீ சொல்றது சரி. எல்லாம் ஆள் வைக்கணும்," என்றார். மெசினைப் பழக்குவதற்கு அது நல்ல யோசனைதான். பொய் இல்லை. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை.

கண்டாக்கு ஐயாவின் கட்டைவிரலை நானே பிடித்துப் பதிந்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. வைத்த உடனே தேங்க் யூ. பிந்தி வந்த ஒவ்வொரு காலையும் தேங்க் யூ. நேரமெல்லாம் அதுவாகவே கொழும்பு ஆப்பீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நேரத்துக்கு வருவார் என்று துரை நினைத்தார். பழக்கம் விடுமா? மாதக் கடைசியில் அவருக்கும் சம்பளம் வெட்டு விழுந்தது. கிளாக்கர் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயாவுக்கும் அரைப்பேராமேடி!" என்று களத்திலேயே குரல் கேட்டது. யார் என்று அவர் திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம் லயத்து வாசலுக்கு வந்தார். அதுவரை என்னை "டேய்" என்று கூப்பிட்டவர்.

"தம்பி, நான் பிந்துன நாளுக்கு வெளி வேலைன்னு போட்டா அந்த நேரம் கணக்குல வராதாமே. நீதானே மெசினப் பாக்குற. கொஞ்சம் போட்டுவிடேன். இன்னொரு தடவ வெட்டு விழுந்தா என்னய மாத்திருவாங்க."

அப்படி எழுத என்னால் முடியும். துரை அந்த உரிமையைக் கொடுத்திருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையில் நின்றாள்.

"ஐயா, மெசின் சொல்றதுதானுங்க சரி," என்றாள்.

"பொம்பள பேச்சக் கேட்டா நடக்குற?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

லயம் முழுக்க வாசலில் நின்று பார்க்க, அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். நானும் பார்த்தேன். கண் எடுக்காமல் பார்த்தேன்.

அடுத்த மாதம் இறம்பொடைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு அவரை மாற்றினார்கள். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன, பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக மன்னித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

போனவர்களின் விரல் பதிவை மெசினிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது கம்பனித் தம்பியின் வேலை. நான் அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. அம்மாவைக் களத்துக்குக் கூட்டிப்போய் எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அவளே அழுத்தினாள்.