வாயில் பட்ட பாட்டு

எங்கள் வீட்டில் அம்மா விரதம் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்கும் விரதம். ஜெர்மனியில் ஊன்ட்றொப் என்ற ஊரின் அம்மன் கோயிலில் கொடியேறிய அன்றே இறைச்சிச் சட்டிகள் நிலவறைக்குப் போய்விடும். தேர் முடியும்வரை ஒருவர் வாயிலும் மச்சம் படக்கூடாது. இறைச்சி, மீன், முட்டை எல்லாமே எங்களுக்கு மச்சம்தான். எனக்கு எட்டு வயதான அந்த வருடம் அம்மா வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தார். தேரன்று பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் சுகமா இருக்கத்தான்," என்றார்.

சிக்கல் அப்பாவின் தொழிலில் இருந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் அவர் பீட்சா போடுபவர். பகலெல்லாம் இறைச்சித் துண்டுகளைத் தூவிவிட்டு வந்து, குளித்த பிறகே அம்மா சமைக்கும் குசினிக்குள் கால் வைப்பார். அப்பா மட்டும் தொடலாமா என்று நான் நியாயம் கேட்டேன்.

"அது வேலை, பிள்ளை. கையில பட்டாப் பரவாயில்லை. வாயிலதான் படக்கூடாது," என்றார் அம்மா.

அந்தச் சட்டத்தை அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக் கோடை விழாவுக்கு எங்கள் வகுப்பு ஓர் இத்தாலியப் பாட்டுப் பழகியது. இத்தாலியப் பாட்டு என்று பெயர்தான். எழுதியவர் ஜெர்மன்காரர், இரண்டு கிழமை விடுமுறைக்குப் போய்வந்த அறிவில் கடற்கரை, நிலா, காதல், பீட்சா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தார். வகுப்பிலிருந்த இத்தாலியப் பையனுக்கே பாதி விளங்கவில்லை. பீட்சாவுக்கு மேலே போடுபவற்றை அடுக்கும் வரியைத் தனியாகப் பாட ஆசிரியை என்னைப் பிடித்தார். ஜெர்மன் பிள்ளைகளின் நாக்குக்கு இத்தாலிய 'ர' புரளாது. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பன்செட்டா, மோர்ட்டடெல்லா, புரோஷூட்டோ. அழகான பெண்களின் பெயர்கள் என்றே நினைத்திருந்தேன்.

கொடியேறி மூன்றாம் நாள் அப்பாவிடம் பாடிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக விளக்கினார். கடைசியில் வருவது பன்றித் தொடை. நடுவில் வருவதும் பன்றி. முதலாவதும் பன்றிதான்.

வாயில் படக்கூடாது என்றார் அம்மா. நானோ வாயால் பாடிக்கொண்டிருந்தேன், அதுவும் 'ர'வைப் புரட்டிப் புரட்டி. யாரிடமும் சொல்லப் பயம். ஒத்திகையில் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன். சத்தம் காணாது என்றார் ஆசிரியை. பாடி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் கழிப்பறைக்கு ஓடி வாய் கொப்பளித்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் நின்றால் அம்மன் என் நாக்கையே பார்ப்பதுபோல் இருக்கும்.

சனிக்கிழமை விழா. வந்தது வரட்டும் என்று பாடித் தொலைத்தேன். முன்வரிசையிலிருந்து அம்மா கைதட்டினார், பாவம், ஒன்றும் விளங்காமல். அன்றே ஊன்ட்றொப்புக்குக் கார் ஏறினோம்.

மறுநாள் தேர். வெயில் கொளுத்தியது. அம்மா மஞ்சள் துணி கட்டிய பாற்செம்பைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு தார் வீதியில் நடந்தார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் போனேன். கோயில் வாசல் தெரிந்த இடத்தில் அம்மா ஒரு பக்கமாகச் சரிந்தார். செம்பு உருண்டது. பால் வீதியில் ஓடியது. அப்பா தோளைப் பிடித்து உலுக்கியும் அம்மா கண் திறக்கவில்லை. என் நாக்குத்தான் அம்மாவைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். உருண்ட செம்பை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்பா அவரைத் தூக்கிப்போய், கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாய்க் கரையில் மர நிழலில் கிடத்தினார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்தார். குடிக்க ஏதாவது வாங்க அப்பா போன இடைவெளியில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன், பாட்டு, பன்றித் தொடை, வாய் கொப்பளித்தது எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"விசர்ப் பிள்ளை," என்றார் அம்மா. "அம்மாளாச்சிக்கு இத்தாலிப் பாஷை தெரியாது."

பிறகு எழுந்து உட்கார்ந்து, "எங்க, பாடு பாப்பம்," என்றார்.

கோயில் மணி கேட்கும் தூரத்தில், 'ர'வைப் புரட்டிப் புரட்டிப் பாடினேன். முடிந்ததும், "திரும்பப் பாடு," என்றார். மூன்று தரம் பாடினேன். அம்மா சிரித்தார்; கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மன்னித்துவிட்டார், இனி ஒன்றும் நடக்காது என்று எனக்கு நிம்மதி. திரும்பும் வழியெல்லாம் காரில் நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த டெர்மின், ஆஸ்பத்திரியில் குறித்துக்கொடுத்த நாள், கொடியேறுவதற்கு முன்பே குசினி நாட்காட்டியில் எழுதியிருந்தது. தினமும் பார்த்தும் நான் வாசிக்கவில்லை. மார்பில் கட்டி. வெட்டி எடுத்துப் பார்த்தார்கள்; நல்ல காலம், கெட்ட கட்டி இல்லை. இதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில்தான் சொன்னார்கள்.

அன்று கரையில் நான் பாடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் மடியில் அந்த வெறும் செம்பு இருந்தது. என்னைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பட்டினிக் களைப்பு என்றே நினைத்தேன். அங்கே பயந்துபோயிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்றும்.